அடுப்பில்லாத வீடு

திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் நான் படம் போட்டுக் கொடுத்த வீடுகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தால், ஒரே வீட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற அலுப்புதான் வரும். முன்னால் கம்பி போட்ட வராந்தா, நடுவில் கூடம், பக்கத்துக்கு ஓர் அறை, தென்கிழக்கு மூலையில் அடுப்படி. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் நெற்றியில் கட்டிய வருஷத்தைச் சிமெண்டில் எழுதிவிட வேண்டும். இந்துக்களானால் வருஷத்துக்கு மேலே லட்சுமி, எங்கள் ஆட்களானால் சிலுவை, பேகம்பூர்ப் பக்கமானால் பிறை. மற்றபடி சாமிகளுக்குள் வித்தியாசம் கிடையாது.

மேட்டுப்பட்டியில் ‘ஸ்தனிஸ்லாஸ், கட்டடப் படம்’ என்று பலகை மாட்டி நான் உட்கார்ந்தபோது எனக்கு முப்பது வயது. வைகை அணை வேலையில் படம் வரைபவனாக இருந்து, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவன். எனக்கு யாரோடும் ஒத்துப்போகாது என்று என் மனைவி இஞ்ஞாசியம்மாள் சொல்வாள். அது உண்மையில்லை. தப்பாக யோசிக்கிறவர்களோடு மட்டும்தான் ஒத்துப்போகாது. அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்துவிட்டார்கள், அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அறுபத்தொன்றாம் வருஷம் தை மாதம், வடமதுரை பெருமாள்சாமி ஆளனுப்பினார். திண்டுக்கல்லில் பூக்கமிஷன் மண்டி வைத்திருந்தவர். மூன்று அண்ணன் தம்பிகள், அவர்கள் மனைவிமார், பிள்ளைகள், பூப்பறிக்க வருகிறவர்கள், வண்டிக்காரர்கள் என்று வேளைக்கு முப்பது இலை விழுகிற வீடு அது. இத்தனை பேருக்கும் ஒரே அடுப்பு என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை. அடுப்பு இரண்டானால் குடும்பம் இரண்டாகிவிட்டது என்று ஊர் பேசும். பாகப்பிரிவினைப் பத்திரமெல்லாம் அதற்கப்புறம் வருகிற சம்பிரதாயம். காலையில் அந்த அடுப்பை மூத்த மருமகள் கையால்தான் பற்ற வைக்க வேண்டும். முதல் படி அரிசியும் அவர் கையால்தான் உலையில் விழ வேண்டும். அவர் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் மண்டி எடுபட்டதாம். கைராசி. கைராசிக்காரிக்கு ஒருநாள் கூட லீவு கிடையாது என்பதை அந்த வீட்டில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்த மூத்த மருமகள்தான் பெருமாள்சாமியின் மனைவி சண்முகவள்ளி. நான் போனபோது அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும். கண் இரண்டும் மிளகாய் பட்டது போலச் சிவந்திருந்தன. பேச்சுக்கு நடுவே இருமல் வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முடிகிற வரை காத்திருந்தார்.

“தம்பி, இவளுக்கு நெஞ்சுல புகை கட்டிப்போச்சாம்” என்றார் பெருமாள்சாமி. “கொஞ்ச நாளைக்குப் புகை படாம நல்ல காத்துல இருக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. கரந்தமலை அடிவாரத்துல நமக்கு ஒரு பட்டாக்காடு கெடக்கு. செங்கல்லு மணலு ஏத்தப் பாதை கெடையாது. அதனால மரத்தாலயே ஒரு பங்களா போட்ருவோம். என்னா சொல்ற?”

எனக்கு உள்ளுக்குள் குதித்தது. காட்டுக்குள் மரவீடு! கம்பி வராந்தா இல்லை, கைப்பிடிச் சுவர் இல்லை, லட்சுமி இல்லை. முகத்தில் காட்டிக்கொள்ளாமல், “யோசிச்சுச் சொல்றேன் மொதலாளி” என்றேன்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தம்பி” என்றார் சண்முகவள்ளி. “படுத்தா மரம் தெரியணும்.”

அந்த வாரமே இடத்தைப் பார்க்கப் போனோம். வண்டித்தடம் முடிந்த இடத்திலிருந்து மேடேறி நடக்க வேண்டும். உசிலையும் கடுக்காயும் வேங்கையுமாக அடர்ந்த சரிவு. ஓர் இடத்தில் பெரிய நாவல் மரம் ஒன்று கிளையைத் தாழ்த்தி நின்றது. பெருமாள்சாமி எந்த மரத்தையெல்லாம் வெட்டலாம் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தார். சண்முகவள்ளி நாவலுக்கு அடியில் ஒரு பாறையில் உட்கார்ந்தவர் அப்படியே இருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று யாரையும் கேட்கவில்லை, கொண்டுவந்த பலகாரத்தைப் பிரிக்கவில்லை, கையில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. கிளம்பலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார். எந்த மரத்தையும் வெட்டப்போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். பெருமாள்சாமியிடம் சொல்லவில்லை; அவர் கையை நீட்டுவதில் சந்தோஷமாக இருந்தார்.

முதல் படத்தை எடுத்துப்போய்க் கூடத்தில் விரித்தேன். ஓர் அறை, முன்னால் பலகைத் தாழ்வாரம், படுத்தால் கண் மட்டத்துக்கு வருகிற ஜன்னல். சண்முகவள்ளி குனிந்து பார்த்துவிட்டு தென்கிழக்கு மூலையில் விரலை வைத்தார்.

“இது என்ன தம்பி கட்டமா இருக்கு?”

“அடுப்படி அக்கா.”

“வேண்டாம்.”

“சின்னதுதான். ஒரு ஆளு நிக்கற மாதிரி.”

“அந்த ஒரு ஆளு யாரு?”

படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது படத்தில் அடுப்படியை வீட்டை விட்டுத் தள்ளித் தனிக் கொட்டகையாகப் போட்டேன். புகை வீட்டுக்குள் வராது என்று விளக்கினேன். “தள்ளி வச்சா நான் நடந்து போயி ஊதணும். அம்புட்டுத்தான வித்தியாசம்?” என்றார். மூன்றாவது படத்தில் அடுப்படியே இல்லை. சாமான் அறை என்று எழுதியிருந்தேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, கூரையில் நான் காட்டியிருந்த சதுரத்தைத் தொட்டார். “சாமானுக்கு எதுக்குத் தம்பி புகைக்கூண்டு?”

சத்தியமாக நான் ஏமாற்ற நினைக்கவில்லை. அத்தனை வருஷம் அடுப்படி போட்டுப் பழகிய கை, எனக்குத் தெரியாமலே போட்டுவிட்டது. பெண் இருக்கிற வீட்டுக்கு அடுப்பில்லாமல் கோடு இழுக்க அதற்குத் தெரியவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்த பெருமாள்சாமி இலையிலிருந்து நிமிர்ந்தார். “அடுப்பில்லாம வீடா? எழவு விழுந்த வீட்லதான் அடுப்பு எரியாது. நல்லா இருக்கற வீட்டுக்கு அப்படிப் படம் போடச் சொல்றியே, ஒனக்கென்ன கிறுக்கா?”

சண்முகவள்ளி அவர் இலையில் ரசம் ஊற்றினார். “புகை படக் கூடாதுன்னு சொன்னது டாக்டரு. கிறுக்கு யாருக்குன்னு அவர்கிட்டப் போயிக் கேளுங்க.”

பெருமாள்சாமி மனைவி மேல் பிரியமுள்ளவர்தான். ரசத்தைக் குடித்து முடிக்கும் வரை யோசித்தார். பிறகு தீர்ப்பு வந்தது. அடுப்பில்லாமலே கட்டலாம். சண்முகவள்ளி விடியற்காலையில் வழக்கம்போல் அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்துவிட்டு வண்டியேறுவார். மதியச் சாப்பாடு தூக்குச்சட்டியில் மலைக்குப் போகும். ராத்திரி உலை வைக்க அவர் பொழுது சாய்வதற்குள் இறங்கி வந்துவிடுவார். ஆக, பகல் முழுக்க அவருக்கு ஓய்வு. இந்தத் தாராளத்தை எண்ணிப் பெருமாள்சாமிக்கே திருப்தியாக இருந்தது. சண்முகவள்ளி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. கிடைத்தவரைக்கும் வாங்கிக்கொள்கிற ஆள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நாலாவது படத்துக்கு உட்கார்ந்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. வீட்டைத் தரையோடு கட்டிப்போடுவதே அடுப்படிதான். நெருப்புக்குக் கல்தளம் வேண்டும், கல்தளத்துக்கு அஸ்திவாரம் வேண்டும். கழுவுகிற தண்ணீருக்குச் சாக்கடை, விறகுக்கு ஓர் இடம், சாம்பலுக்கு ஒரு குழி. அடுப்படியை எடுத்துவிட்டால் வீட்டுக்கு மண்ணைத் தோண்ட வேண்டிய அவசியமே இல்லை. தட்டைக் கற்களைப் போட்டு அவற்றின் மேல் வேங்கைக் கால்களை நிறுத்தினேன். தரைப்பலகை இடுப்பு உயரத்தில் வந்தது. சரிவில் ஓடிவருகிற மழைத்தண்ணீர் வீட்டுக்கு அடியில் அதன் போக்கில் போகலாம். கரையானும் கல்லைத் தாண்டி ஏறாது. நாவல் கிளை குறுக்கே வந்த இடத்தில் தாழ்வாரத்தின் கூரையை வெட்டிக் கிளைக்கு வழிவிட்டேன். மேலே ஓடு, பக்கத்தில் பலகை, மேற்கே அந்தத் தாழ்ந்த ஜன்னல். என்றைக்காவது வேண்டாமென்று கழற்றி எடுத்துக்கொண்டு போனால், ஒரு மழைக்குப் பிறகு அங்கே வீடு இருந்ததே தெரியாது. என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே நல்ல படம் அது. இதில் அடக்கம் காட்டுகிற உத்தேசம் எனக்கில்லை.

பேகம்பூர் மரவாடியில் மரம் எடுத்தோம். தங்கமுத்து ஆசாரி வேலை செய்தார். வேங்கைக் கால்களைக் குழியில் நட்டு மூடாமல் கல்லின் மேல் சும்மா நிறுத்துவது அவருக்குப் பிடிக்கவில்லை. “இது வீடா, காவலுக்குப் போடுற பரணா?” என்று தினமும் கேட்டார். நானும் தினமும் சண்டை போட்டேன். ஆடி முடிவதற்குள் வீடு எழுந்து நின்றது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பாதிதான் தெரியும். மீதி இலைக்குள் இருந்தது. சாயங்காலம் தங்கமுத்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “பரணு நல்லாத்தான் இருக்கு” என்றார். அவரோடு நான் ஒத்துப்போன ஒரே சமயம் அதுதான்.

ஆவணியில் நாள் பார்த்துக் குடிபுகுந்தார்கள். சண்முகவள்ளி மட்டும் வண்டியில் வந்து ஏறுவார் என்று நான் நினைத்திருந்தேன். ஐந்து வண்டி வந்தது. தம்பிமார், தம்பி மனைவிமார், பிள்ளைகள், மண்டி ஆட்கள், சம்பந்தி வீட்டார். புதுவீட்டில் பால் காய்ச்சாமல் எப்படி? வீட்டுக்குள் அடுப்பில்லாததால் நாவல் மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி வைத்தார்கள். கைராசிக்காரி பற்ற வைத்தார். பால் பொங்கியது, குலவை போட்டார்கள். அவ்வளவு தூரம் வந்தவர்களைப் பாலோடு அனுப்புவார்களா? ஒரு வண்டியிலிருந்து அண்டாவும் அரிசி மூட்டையும் இறங்கின. காட்டுச்சுள்ளி பச்சையாக இருந்தது, புகை அள்ளிக்கொண்டு வந்தது. எந்த ஜன்னலுக்காக நான் ஒரு வாரம் கோடு கிழித்து அழித்தேனோ, அந்த ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்து சண்முகவள்ளி ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவதும் இருமுவதும் மாறி மாறி வந்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன், சாப்பிடாவிட்டால் அதற்கும் அவர்தான் வந்து என்ன குறை என்று கேட்பார்.

கார்த்திகையில் ஒரு மழைக்குப் பிறகு ஓடு ஒழுகுகிறதா என்று பார்க்கப் போனேன். ஒழுகவில்லை. வீட்டுக்குள் பெருமாள்சாமி ஜன்னலோரம் திண்டு போட்டுச் சாய்ந்திருந்தார். சுற்றிலும் பூ வியாபாரிகள். “வா தம்பி! என்னா காத்து, என்னா காத்து! மதுரையிலேர்ந்து ஆளு வந்தாக்கூட இங்கதான் கூட்டியாறேன்” என்றார். வண்டி நேராக வீட்டுக்கே வரட்டும் என்று பாதையையும் வெட்டிவிட்டிருந்தார். நாவலடியில் மூன்று கல் அப்படியே இருந்தது. மேலே ஒரு தகரம் போட்டிருந்தார்கள். நாவலின் அடிக்கிளை இலையெல்லாம் கருகியிருந்தது. சண்முகவள்ளி அங்கே இருந்தார்.

“ஜன்னல்கிட்டப் படுத்துப் பாத்தீங்களா அக்கா?” என்று கேட்டேன்.

“எங்க தம்பி. கீழ உலை வச்சுட்டு வாரேன், இங்க வந்து ஒரு உலை வைக்கிறேன், பெறகு கீழ போயி ஒண்ணு. முன்னால ரெண்டு தடவைதான், இப்ப மூணு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. “நீ என்ன பண்ணுவ? நீ நல்லாத்தான் கட்டுன. நான் எங்க போனாலும் அடுப்பு பின்னாடியே வருது.”

வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரமாக இருந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. பெருமாள்சாமி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டைபோட வசதியாக இருந்திருக்கும்.

தை மாதம் சண்முகவள்ளி திடீரென்று மேட்டுப்பட்டிக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். கூட அவருடைய கொழுந்தன் மனைவி பழனியம்மாள். இரண்டாவது மருமகள், முப்பது வயதுக்காரி. அந்த வீட்டில் காய் நறுக்குவதும் பாத்திரம் எடுத்துக்கொடுப்பதும்தான் அவள் பங்கு. மூத்தவர் இருக்கையில் அடுப்பு முன்னால் உட்கார்ந்ததே இல்லை.

“தம்பி, மலைவீட்டுக்கு ஒரு அடுப்படி போட்டுக் குடு” என்றார் சண்முகவள்ளி.

காதில் சரியாக விழவில்லையோ என்று பார்த்தேன். “நீங்கதான வேண்டவே வேண்டாம்னு சொன்னீங்க?”

“சொன்னேன். இப்பப் போடச் சொல்றேன். கல்லு வச்சுப் பெருசாப் போடு. ரெண்டு புகைக்கூண்டு. முப்பது பேருக்குப் பொங்கற மாதிரி.”

“அக்கா, அந்த வீடு தாங்காது. அதுக்குக் கீழ தோண்டணும். நாவல் கிளையை வெட்டணும். அது அந்த வீடாவே இருக்காது.”

“தெரியுது தம்பி.” அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. ஆனால் மாற்றிக்கொள்கிற குரலாக இல்லை. பழனியம்மாள் பக்கம் திரும்பி, “பாத்திரம் வைக்க அலமாரி எந்தப் பக்கம் வேணும்னு நீயே சொல்லு” என்றார். பழனியம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டு, முகமெல்லாம் மலர, வெகுநேரம் சொன்னாள். அவள் மனதுக்குள் அந்த அடுப்படியைப் பல வருஷமாகக் கட்டிவைத்திருந்தாள் என்று தோன்றியது.

எல்லோரையும் போல இவரும் தோற்றுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மனுஷி ஒரே ஒரு காரியத்தில் உறுதியாக நின்றாள் என்று அவர்மேல் வைத்திருந்த மரியாதையில் பாதி போய்விட்டது. படத்தை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் போட்டேன்.

பங்குனிக்குள் வேலை முடிந்தது. அங்கேயே கிடந்த கல்லை உடைத்துச் சுவர், சிமெண்டுத் தளம், அதற்கு மேலே இரண்டு புகைக்கூண்டு. நாவல் கிளையை அறுத்தார்கள். நான் அன்று போகவில்லை. என் அறையும் தாழ்வாரமும் இன்னும் காலில் நின்றன. ஒட்டிக்கொண்டிருந்த அடுப்படிதான் யானை வந்து படுத்தது போல இருந்தது. “இப்பத்தான் பாக்க வீடு மாதிரி இருக்கு” என்றார் பெருமாள்சாமி.

முதல் நெருப்புக்கு எல்லோரும் கூடியிருந்தார்கள். தீப்பெட்டியைச் சண்முகவள்ளியிடம் நீட்டினார்கள். அவர் அதை வாங்கிப் பழனியம்மாள் கையில் வைத்தார்.

“நீ பத்த வையி. மலை அடுப்பு ஒன் கைராசி.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பெருமாள்சாமியின் நெற்றி சுருங்கியது. “என்னா புள்ள இது? அடுப்பு ரெண்டாயிருச்சுன்னு ஊருல பேசமாட்டாங்களா?”

“ஒரே நாள்ல ரெண்டும் எரிஞ்சாத்தான ரெண்டு? இங்க எரியும்போது அங்க எரியாது. அங்க எரியும்போது இங்க எரியாது. எப்பவும் ஒரே அடுப்புதான்.”

பெருமாள்சாமி விரல் விட்டு எண்ணுவது போல யோசித்தார். சரியாகத்தான் இருந்தது. பழனியம்மாள் பற்றவைத்தாள். ஒரே குச்சியில் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் நிம்மதி. நான்தான் அந்தச் சிமெண்டைப் பார்க்கப் பிடிக்காமல் சீக்கிரம் இறங்கிவிட்டேன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடமதுரையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரை அளக்க வேண்டியிருந்தது. முடிந்தபோது உச்சி வெயில், நல்ல பசி. அந்த ஊரில் பசித்தால் எந்த வீட்டுக்குப் போவது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. பெருமாள்சாமி வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினேன். கூடத்தில் ஒருவருமில்லை. வண்டி இல்லை, பிள்ளைகள் இல்லை, பூக்கூடை இல்லை. அந்த வீட்டுக்குள் எப்போதும் நிற்கிற புகை வாடையும் இல்லை.

அடுப்படி கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. அடுப்பைச் சாணமிட்டு மெழுகிக் கோலமும் போட்டிருந்தது. அதன் முன்னால் வெறுந்தரையில், கையைத் தலைக்கு வைத்து, காலை நீட்டிப் படுத்திருந்தார் சண்முகவள்ளி. தூங்கவில்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நனைத்த அவலும் வெல்லமும் பாதி சாப்பிட்டபடி இருந்தது.

“வா தம்பி” என்றார். எழுந்திருக்கவில்லை.

“எங்க அக்கா எல்லாரும்?”

“மலையில. பள்ளிக்கூடம் லீவு விட்டதுலேர்ந்து அங்கதான். ஆம்பளைக மண்டிக்கு அங்கேர்ந்தே போயிட்டு வாராக. எனக்கு முட்டி வலி, மேடு ஏற முடியலன்னு சொல்லிட்டேன்.”

“முட்டி வலிக்குதா?”

“இல்ல.”

அப்போதுதான் அவர் ஒரு தடவைகூட இருமவில்லை என்பது எனக்கு உறைத்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அடுப்பு இல்லாத எடத்துக்கு நான் போகலாம்னுதான் ஒன்னைய வீடு கட்டச் சொன்னேன். போனா பின்னாடியே வந்துட்டாக. அப்பத்தான் யோசனை வந்துச்சு. நான் எதுக்குப் போகணும்? அடுப்பை அங்க அனுப்பிட்டா அம்புட்டுப் பேரும் அதுக்குப் பின்னாடியே போயிருவாகல்ல? பழனியம்மாளுக்கும் ஆசை. பாவம், அவளுக்கு நாளெல்லாம் வெங்காயம் நறுக்கியே பொழுது போச்சு.” கொஞ்சம் நிறுத்தினார். “ஒன் வீடு போச்சு. அதுதான் எனக்கு மனசுக்குச் சங்கடம். வேற வழி தெரியல தம்பி.”

நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“எம்புட்டு நாளைக்கு இருப்பாங்க?” என்று பிறகு கேட்டேன்.

“தெரியல. அவுக எப்ப எறங்கி வந்தாலும் இந்த அடுப்பு எரிஞ்சாகணும். இருக்கற வரைக்கும் லாபம்.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தொப்பம்பட்டியிலிருந்து மண்டிக்குப் பூ அனுப்புகிற பெரியவர் ஒருவர் வில்வண்டியை நிறுத்திவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். “ஏனுங்க அம்மிணி, மொதலாளி இல்லீங்களா? ஆரையுங் காணமுங்களே?”

சண்முகவள்ளி எழுந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தார். “வாங்கய்யா. எல்லாரும் மலைவீட்ல இருக்காங்க. சாப்பாடும் அங்கதான். இப்பக் கெளம்புனா பந்திக்குச் சேந்துரலாம்.”

“அதுக்கென்னுங்க, போய்க்கலாமுங்க. ஒரு வாய் காப்பித் தண்ணி மட்டும்...”

“அதுவும் அங்கதான்யா.”

பெரியவர் திகைத்துப்போனார். உச்சி வேளையில் தூரத்திலிருந்து வந்தவரை ஒரு காப்பிகூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்புவது அந்தப் பக்கத்தில் நடக்கிற காரியமா? அதுவும் அந்த வீட்டில்! சண்முகவள்ளி மண்பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தார். முகத்தில் கொஞ்சமும் கூச்சமில்லை. பிறகு என்னைப் பார்த்தார். “தம்பிக்கு வழி தெரியும். ரெண்டு பேரும் சேந்து போயிட்டு வாங்க.”

எனக்குப் பின்னால் கதவு இந்தத் தடவை முழுசாகச் சாத்திக்கொண்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. அடுப்படியில் பழனியம்மாள் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு சக்கரமாகச் சுழன்றுகொண்டிருந்தாள். பெருமாள்சாமி எங்களை இழுத்து உட்காரவைத்தார். “வெஞ்சனம் போதுமா? இன்னும் வச்சுக்கப்பா.” அவள் சமையல் நன்றாகத்தான் இருந்தது.

“வடமதுரை வழியாவா வந்த? அவளைப் பாத்தியா?” என்று கேட்டார்.

“பாத்தேன். படுத்திருந்தாங்க.”

“பாவம்யா. அம்புட்டுப் பெரிய வீட்ல ஒத்தையில கெடக்கா.” அவர் கண் நிஜமாகவே கலங்கியது. “இங்கயும் ராத்திரி படுக்க எடம் பத்தல. பிள்ளைக ஒண்ணுமேல ஒண்ணு கெடக்குதுக. நாளைக்கே எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுக் கீழ போயிரலாம்னு பாக்குறேன். அவளுக்கும் தொணையா இருக்கும்.”

நான் இலையிலிருந்து நிமிர்ந்தேன். அடுப்படியைத் தாண்டி என் அறை தெரிந்தது. பலகைச் சுவர் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. தரை இன்னும் மண்ணைத் தொடாமல் கால்களின் மேல் நின்றது. அடியில் வழக்கம்போல் காற்று போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு நடந்த பிறகும், அந்த அறையையாவது விட்டுவைத்திருக்கிறார்களே என்றுதான் நான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

“கீழ எதுக்கு மொதலாளி போகணும்? எடம்தான பிரச்னை?” என்றேன். “அந்தப் பலகைச் சுவரைப் பிரிச்சுட்டு அறையை அடுப்படியோட சேத்துருவோம். பந்திக்கும் ஆச்சு, படுக்கவும் ஆச்சு. அடியில கல்லு வச்சு அடைச்சுட்டா அங்கயும் பத்துப் பேரு படுக்கலாம். ஐப்பசி மழை வரைக்கும் எல்லாரும் இங்கயே இருக்கலாம். அக்காவுக்குத்தான் டாக்டரு சொல்லியிருக்காருல்ல. ஆளு சத்தம் இல்லாம இருந்தா சீக்கிரம் கொணமாயிரும்.”

“ஆமாய்யா, டாக்டரு சொன்னாருல்ல!” பெருமாள்சாமி முகம் தெளிந்துவிட்டது. பழனியம்மாள் கரண்டியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏப்பா, நீ பாத்துப் பாத்துக் கட்டுன வீடு. அதையெல்லாம் பிரிச்சா நல்லாவா இருக்கும்?” என்றார் பெருமாள்சாமி.

கட்டடத்தைப் பற்றி நான் அதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை.

“ரொம்ப நல்லா இருக்கும்” என்றேன்.

இலையை மடித்துவிட்டு எழுந்து கைகழுவினேன். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளும்படி பெருமாள்சாமியிடமே கொடுத்தேன்.